பரவாயில்லை என்ற கட்டம்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான்கு மாடி, அறுபத்தெட்டுப் படி. ஊரிலுள்ள லிஃப்ட்டுகளையெல்லாம் முப்பத்தோரு வருஷம் பழுது பார்த்த மெக்கானிக் குடியிருந்தது இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான். கேட்டால், “இங்கயும் லிஃப்ட் இருந்தா லீவு நாள்லயும் என்னைத்தான கதவத் தட்டுவீங்க” என்று சிரிப்பார். அது அவருக்குப் பேச்சு இருந்த காலம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலை, ஷூவுக்கு நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே மூச்சில் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது அவர் வாயில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது. பரவாயில்லை.

“சிலருக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும். அவங்க நினைக்கிறது வேற, வாயில வர்றது இது” என்று டாக்டர் சொன்னாராம்.

ஏன் அந்த வார்த்தை தங்கியது என்று அவர் மனைவிக்குத் தெரியும். லிஃப்ட்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டு இருட்டில் கத்தும்போது, மேலே மோட்டார் அறையில் நின்று லிஃப்ட்டின் கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இவர் கீழ்நோக்கிக் குரல் கொடுப்பார். “பரவாயில்லை, பரவாயில்லை, நான் வந்துட்டேன்.” முப்பத்தோரு வருஷம் சொன்ன வார்த்தை நாக்கில் வடுவாக நின்றுவிட்டது.

ஒரே வார்த்தைதான். ஆனால் அதை வைத்து அந்த வீட்டில் முழுச் சம்பாஷணையே நடக்கும். இழுத்துச் சொன்னால் வலிக்கிறது. இரண்டு தடவை வேகமாகச் சொன்னால் மூத்திரப் பாத்திரத்தை எடுத்துவா. பாதியில் வெட்டிச் சொன்னால் கோபம். சோறு தீய்ந்த அன்றைக்கும் அதையே சொன்னார். “பாருங்கக்கா, இருபத்தாறு வருஷம் கழிச்சு இப்பதான் என் சமையல ஒத்துக்கிறாரு” என்றாள் அவள் என்னிடம். அவர் இடது கையால் தலையணையை எடுத்து அவள்மேல் எறிந்தார். அப்படிப்பட்ட வீடு.

அவள் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் தைக்கிறவள். கட்டுக் கட்டாகப் பைத்துணி வரும். கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் நீலத்துணி மலைபோல் கிடக்கும். காலையில் நான் மேல்மாடியிலிருந்து இறங்கிப் போவேன். போர்வையின் தலைப்பக்கம் அவள், கால்பக்கம் நான். “ஒண்ணு, ரெண்டு, தூக்கு.” கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. மாலையில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பாதி பாரம்கூட நான் தூக்கியதில்லை. எல்லாம் அவள் முதுகில்தான் இறங்கியது. போன மழைக்காலத்தில் அவள் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். முதுகெலும்பில் தட்டு நகர்ந்திருக்கிறது, இனி கனம் தூக்கினால் நீயும் படுத்துவிடுவாய் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

“நானும் படுத்துட்டா யாருக்கா யாரைத் தூக்குறது? ரெண்டு பேரும் படுத்துக்கிட்டு ஜிப்ப எண்ணிட்டிருக்க வேண்டியதுதான்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மெஷின் முன்னால் உட்கார இரண்டு தலையணை வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான், நோயாளிகளுக்குச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

இருவர். ஒருவர் மேனேஜர். நல்ல உடம்பு, நல்ல சட்டை, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கும் முகம். இன்னொருத்தி அளவெடுக்கும் பெண், கையில் அட்டையும் பேனாவும். வேன் டிரைவர் உதவியோடு ஒரு பொருளை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். சக்கரம் வைத்த இரும்புத் தூண், அதிலிருந்து நீளும் ஒரு கை, அந்தக் கையில் தொங்கும் துணி இருக்கை, இருக்கைக்கு அடியில் ஒரு கம்பி. பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஆளைத் தூக்கும், இறக்கும். தூக்கு நாற்காலி.

“இது இன்னும் விற்பனைக்கு வரலம்மா. மாதிரிதான். உங்களை மாதிரி நாலு வீட்டுல வச்சுப் பார்க்கிறோம். பத்து நாள் இங்க இருக்கும். ரிப்போர்ட் நல்லா வந்தா இது உங்களுக்கே. அப்புறம் நூறு நாற்காலி செய்யப்போறோம்” என்றார் மேனேஜர்.

அவள் அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்தாள். புதுப் பாத்திரத்தைத் தொடுவதுபோல. அந்தத் தொடலை நான் பார்த்தேன், பிள்ளைகளே. அது ஒரு பொருளுக்கு ஆசைப்பட்ட தொடல் இல்லை. தன் முதுகு தனக்குத் திரும்பி வருமா என்று கேட்ட தொடல்.

முதல் தடவை தூக்கினார்கள். மெக்கானிக் துணியில் உட்கார்ந்தபடி மேலே போனார். முப்பத்தோரு வருஷம் மற்றவர்களை ஏற்றி இறக்கியவரை ஒரு மோட்டார் ஏற்றியது. மோட்டார் நின்றது. அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பிறகு இடது உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிக் காட்டினார். மறுபடி காட்டினார்.

“பரவாயில்லை” என்றார். பாதியில் வெட்டி.

“ரொம்ப சந்தோஷம் ஐயா” என்றார் மேனேஜர். “எழுதிக்கம்மா. பயனர் கையை அசைத்து வரவேற்றார்.”

“அவரு வரவேற்கல தம்பி. ஏதோ சொல்றாரு” என்றாள் மனைவி.

“பரவாயில்லைன்னுதானே சொல்றாரு?”

“அவருக்கு அந்த வார்த்தை ஒண்ணுதான் வரும்.”

மேனேஜர் இன்னும் அதிகமாகச் சிரித்தார். அட்டையை வாங்கி மனைவியிடம் காட்டினார். தினசரி படிவம். காலை, மாலை எத்தனை தடவை தூக்கினார்கள், ஒவ்வொரு தடவையும் பயனர் என்ன சொன்னார். எதிரே நான்கு கட்டம்: மிக நன்று, நன்று, பரவாயில்லை, சரியில்லை.

“இதுல அவரு சொல்றத டிக் பண்ணணும்மா. அவ்வளவுதான்.”

“அவரு சொல்றதயா, சொல்ல வர்றதயா?”

அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டு மேனேஜரைப் பார்த்தாள். அவர் யோசிக்கவே இல்லை.

“சொல்றத மட்டும். பயனர் வாயில வர்ற வார்த்தை. நாம நம்ம அபிப்பிராயத்தக் கலந்துட்டா டெஸ்ட் கெட்டுப்போயிடும்.”

“அப்போ நான் பயனர் இல்லையா? தூக்கிக்கிட்டிருக்கிறது நானு.”

“நீங்க உதவியாளர்ம்மா. உங்களுக்கு வேற படிவம் வரும், அடுத்த கட்டத்துல.”

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் உதவியாளர்.  ஆனாலும் நான் படிவத்தை வாங்கி மெஷின்மேல் வைத்தேன். ஏனென்றால் அவள் கண் அந்தத் தூணின் மேலேயே இருந்தது.

முதல் மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. அடை மழை. துவைத்த போர்வைகளை என் மாடிப்படிக் கைப்பிடியில் வரிசையாக உலர்த்தியிருந்தோம். வீடே ஈரத்துணி வாடை. அவள் பொத்தானை அழுத்துவாள், அவர் எழும்புவார், விரிப்பை மாற்றுவாள், இறக்குவாள். மெஷின் முன்னால் ஒரு தலையணை போதுமென்றாகியிருந்தது. “அக்கா, நீங்க நாளைலேருந்து தூங்குங்க. உங்களுக்கு ஓய்வு குடுத்துட்டேன்” என்றாள். நான் அவித்த முட்டையோடு போய் வெறுமனே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேன்.

அவர் மட்டும் ஓயவில்லை. தூக்கும்போதெல்லாம் அந்த உள்ளங்கை கவிழ்ந்து இறங்கியது. பரவா. பரவா. வெட்டி வெட்டி.

“என்னங்க கோபம்? நான் தூக்கலேங்கிறதா? உங்களுக்குப் பொண்டாட்டி கைதான் வேணுமா?” என்று அவள் கேலி செய்தாள். அவர் சிரிக்கவில்லை.

நான்காம் நாள் காலை. அவரை நாற்காலியில் மேலே தூக்கி நிறுத்திவிட்டு, அவள் ஈர விரிப்பை உருவிக் காய்ந்ததை விரித்துக்கொண்டிருந்தாள். நான் மறுமுனையை இழுத்துப் பிடித்திருந்தேன். நாற்காலி நின்றிருந்தது, பொத்தானில் யார் கையும் இல்லை. ஆனால் அது தானாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல், மூச்சு விடுகிற மாதிரி. அவருடைய வலது கால் உணர்ச்சியில்லாத கால். அதன் குதிகால் கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கும் நாற்காலியின் அடிக்கம்பிக்கும் நடுவில் போய்ச் சிக்கியதை அவராலும் உணர முடியவில்லை.

விரிப்பில் சிவப்பைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. குதிகால் தோல் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு உரிந்து தொங்கியது.

“பரவாயில்லை” என்றார் அவர். இந்தத் தடவை அவள் கண்ணைப் பார்த்து, மிக மெல்ல. அழாதே என்பது அதற்கு அர்த்தம்.

அவள் கம்பெனிக்குப் போன் செய்தாள். அளவெடுக்கும் பெண்தான் எடுத்தாள். பதறிப்போய் மேனேஜரிடம் கொடுத்தாள். போனில்கூட அந்தச் சிரிப்பு கேட்டது.

“விரிப்பு மாத்துறப்போ கால நகர்த்தி வச்சுக்கணும்மா. பயனர் என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவாரு? அதே வார்த்தைதான்.”

“அப்போ அதையே டிக் பண்ணுங்க.”

அவள் பண்ணினாள். ரத்தம் பட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மூன்றாவது கட்டத்தில். அவள் பொய் எழுதத் தெரியாதவள். சொன்னதை எழுது என்றார்கள். அவர் சொன்னது அதுதான். அந்த டிக்கைப் போட்டுவிட்டு அன்று முழுதும் அவள் மெஷினிலேயே குனிந்திருந்தாள். சர்க்கரை இருக்கிறவர் குதிகாலில் புண் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எங்கள் இரண்டாவது மாடித் தபால்காரருக்குக் காலை வெட்டி எடுத்தது இப்படி ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்துத்தான்.

மறுநாளிலிருந்து மறுபடியும் போர்வை. தலைப்பக்கம் அவள், கால்பக்கம் நான். தூக்கு நாற்காலி மூலையில் நின்று ஈரத்துணி சுமந்தது.

ஏழாம் நாள் மெக்கானிக் இடது கையை மெஷின் பக்கம் நீட்டி ஏதோ கேட்டார். கத்தரிக்கோலைக் கொடுத்தாள், இல்லை. நூலைக் கொடுத்தாள், இல்லை. அளவு நாடா, இல்லை. கடைசியில் துணியில் குறிபோடும் சாக்குக்கட்டியைக் கொடுத்தாள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தூணைக் காட்டினார். தன்னைக் காட்டினார். தூக்கு என்று கையை உயர்த்திக் காட்டினார்.

“விளையாடுறீங்களா? மறுபடியும் அதுலயா?”

“பரவாயில்லை.” வெட்டவுமில்லை, இழுக்கவுமில்லை. வேலைக்குக் கிளம்புகிறவர் சாவியைக் கேட்கிற தொனி.

அவரது இரண்டு காலையும் நான் மடியில் ஏந்திக்கொண்டு உட்கார, அவள் பொத்தானை அழுத்தினாள். நாற்காலி எழும்பி நின்றதும் அவர் கையை நீட்டி, தூணில், நாற்காலிக் கையின் மட்டத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு காத்திருந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிஷம். நாற்காலிக் கை கோட்டுக்கு இரண்டு விரல் கீழே வந்திருந்தது. அங்கே இன்னொரு கோடு. இன்னும் ஐந்து நிமிஷம். மூன்றாவது கோடு.

கவிழ்ந்த உள்ளங்கை அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. முதல் நாளே, முதல் தடவையே, காதாலேயே கண்டுபிடித்துவிட்டார். பிரேக் பிடிக்கவில்லை. நின்றபிறகும் இறங்குகிறது. ஏறிய நாலு நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் டிக் போட்டுக்கொண்டிருந்தோம்.

“என்னை மன்னிச்சிருங்க. பொண்டாட்டி கை வேணுமான்னு கேட்டேனே” என்றாள் அவள்.

பத்தாம் நாள் அவர்கள் வந்தார்கள். மேனேஜர் இந்தத் தடவை அவசரத்தில் ஷூவோடே உள்ளே வந்தார். படிவத்தை வேன் டிரைவர் முந்தின நாளே வந்து வாங்கிப் போயிருந்தார், அதனால் மேனேஜர் கையில் அச்சடித்த ரிப்போர்ட் தயாராக இருந்தது. முதல் பக்கத்தில் மெக்கானிக்கின் படம், துணி இருக்கையில், இடது கை தூக்கியபடி. கீழே பெரிய எழுத்தில்: ‘பயன்பாட்டின்போது ஒருமுறைகூடப் பயனர் அதிருப்தி தெரிவிக்கவில்லை.’

“படிவம் பார்த்தோம்மா. சரியில்லைங்கிற கட்டத்துல ஒரு டிக்கூட இல்ல. இங்க ஒரு கையெழுத்து. நாற்காலி உங்களுக்கு” என்றார்.

அவள் மெக்கானிக்கின் காலுறையைக் கழற்றிக் கட்டைப் பிரித்துக் காட்டினாள். அளவெடுக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மனைவி தூணைக் காட்டினாள். மூன்று வெள்ளைக் கோடு.

“இது என்னம்மா?”

“அவரு எழுதின ரிப்போர்ட்டு.”

மேனேஜர் குனிந்து பார்த்தார். “லோடு கொஞ்சம் செட் ஆகும்மா. எந்த மெஷினும் அப்படித்தான். நாங்க மணல் மூட்டை வச்சு நூறு தடவைக்கு மேல தூக்கிப் பார்த்திருக்கோம்.”

“தூக்கிப் பார்த்தீங்க. தூக்கி வச்சுக்கிட்டு விரிப்பு மாத்திப் பார்த்தீங்களா? மணல் மூட்டைக்குக் குதிகால் கிடையாது தம்பி. நீங்க உட்காருங்க.”

“நானா?”

“நாலு நாள் இவரு உட்கார்ந்தாரு. நீங்க பத்து நிமிஷம் உட்காருங்க. அப்புறம் கையெழுத்து.”

அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் டிரைவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் சிரித்தபடியே உட்கார்ந்தார். மெக்கானிக் தன் பழைய நாற்காலியில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் பொத்தானை அழுத்த, மேனேஜர் எழும்பினார். கட்டில் மட்டத்துக்கு மேலே போய் நின்றார். கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, “ரொம்ப வசதியா…” என்று தொடங்கினார்.

அவர் கனம் மெக்கானிக்கைவிட ஒன்றரை பங்கு. ஐந்து நிமிஷம் வேண்டியிருக்கவில்லை. நாற்காலி சரசரவென்று ஒரு சாண் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. அவர் பாதம் அதே சட்டத்துக்கும் அடிக்கம்பிக்கும் நடுவில், அதே இடத்தில் போய் மாட்டியது. அளவெடுக்கும் பெண் பாய்ந்து பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகியதே தவிர நாற்காலி அசையவில்லை. ரிப்போர்ட் கீழே விழுந்து தாள் தாளாகப் பறந்தது. மேனேஜர் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

“கால்… கால் மாட்டிக்கிச்சு. எடுங்க. யாராவது எடுங்க.”

எங்களில் யாரும் நகர்வதற்கு முன்பே ஓர் இடது கை தூணின் பின்பக்கத்து மூடியைத் திறந்திருந்தது. உள்ளே சின்ன இரும்புக் கைப்பிடி ஒன்று. அப்படி ஒன்று இருப்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கும் சொல்லவில்லை. ஆட்களை ஏற்றுகிற எதிலும் அது இருந்தே தீரும் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. கழுத்து நரம்பு புடைக்க, அந்த ஒற்றைக் கையால் சுற்றிக்கொண்டே, மேலே பார்த்து அவர் சொன்னார்:

“பரவாயில்லை. பரவாயில்லை.”

மூன்று வருஷத்தில் அந்த வார்த்தை அந்த வார்த்தையாகவே வெளியே வந்தது அன்றைக்குத்தான். அவள் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாதம் விடுபட்டது. ஷூ தோல் கிழிந்ததோடு போயிற்று. பிறகு கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, இம்மி இம்மியாக, மேனேஜரைத் தரையில் இறக்கிவைத்தார் மெக்கானிக்.

மேனேஜர் தண்ணீர் குடித்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். குரல் திரும்ப வந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சைக் கேளுங்கள்.

“சரி பண்ணிடலாம்மா. ஆனா ரிப்போர்ட் இன்னிக்கே போகணும். நூறு நாற்காலிக்கு வேலை திங்கக்கிழமை ஆரம்பிக்குது. நீங்க இப்போ கையெழுத்து போட்டுடுங்க, நாற்காலி இங்கயே இருக்கட்டும், ஆள அனுப்பி பிரேக் மாத்தித் தர்றேன். போடலேன்னா இத எடுத்துட்டுப் போறதத் தவிர வேற வழியில்ல.”

“எங்க நாற்காலிக்கு பிரேக் மாத்துவீங்க. அந்த நூறுக்கு?”

மேனேஜர் குனிந்து கிழிந்த ஷூவைப் பார்த்தார்.

அவள் தன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை எங்கே வலிக்கிறதோ அங்கே இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். நாளைக்கு அவள் விழுந்தால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள். அவள் புருஷனைப் பார்த்தாள்.

அவர் கட்டிலுக்கு அடியில் விரலை நீட்டினார்.

அவள் மண்டியிட்டு அவருடைய பழைய கருவிப்பையை இழுத்தாள். மூன்று வருஷத் தூசி. ஸ்பேனர்களுக்கடியில் ஒரு தகரப் பலகை, இரண்டு ஓட்டையிலும் கம்பி. சிவப்பு எழுத்து: ‘பழுது. ஏறாதீர்கள்.’ அதை மாட்டிவிட்டு எத்தனை கட்டடத்தில் எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பார். ஆறாவது மாடிக்காரர்கள், கடை முதலாளிகள், அவசரம் உள்ளவர்கள். மாட்டிய பலகையை வேலை முடியாமல் அவர் கழற்றியதே கிடையாது என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

அவள் பலகையைத் தூக்கு நாற்காலியில் மாட்டினாள். மெக்கானிக் இடது கையால் கம்பியை முறுக்கினார்.

பிறகு அளவெடுக்கும் பெண்ணிடம் படிவத்தைக் கேட்டு வாங்கினாள். சாக்குக்கட்டி தாளில் சரியாக விழாது என்று அந்தப் பெண் தன் பேனாவைக் கொடுத்தாள். மனைவி மேலிருந்து கீழ்வரை, பத்து நாளுக்கும் சேர்த்து, பரவாயில்லை என்ற கட்டங்களின்மேல் ஒரே கோடு இழுத்தாள்.

“இந்தக் கட்டத்த எடுத்துட்டு வாங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் போய்க் கேளுங்க. எங்க வீட்டுல, ஆஸ்பத்திரியில, எங்கயும். கஷ்டப்படறவங்க எல்லாரும் சொல்ற வார்த்தைய வச்சுக்கிட்டு கணக்கு எழுதாதீங்க.”

“நான் கோடு மூணையும் போட்டோ எடுத்துக்கிறேன்ம்மா. காலையும்” என்றாள் அந்தப் பெண். மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் எடுத்தாள்.

வேன் டிரைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். மழைக்காற்றில் தகரப் பலகை தூணில் மோதிச் சத்தம் போட்டது.

“இந்தப் பலகையக் கழட்டிடவா?” என்று வேனருகில் நின்று கேட்டார்.

“கழட்டிடு” என்றார் மேனேஜர்.

“இருக்கட்டும்ணா” என்றாள் அந்தப் பெண், பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு.

அது கழற்றப்பட்டதா, அந்த நூறு நாற்காலி என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன், பிள்ளைகளே. குதிகால் ஆற ஐந்து வாரம் பிடித்தது. அவள் முதுகு ஆறவில்லை.

மறுநாள் காலை நான் இறங்கிப் போனேன். போர்வையின் தலைப்பக்கம் அவள், கால்பக்கம் நான்.

“பரவாயில்லை” என்றார் மெக்கானிக், இழுத்து. இழுத்தால் வலி என்று உங்களுக்குத் தெரியும். அன்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் இடுப்பை.

“தெரியும், தெரியும்” என்றாள் அவள். “பிடிங்கக்கா. ஒண்ணு, ரெண்டு…”